காரியமில்லாத பிரயாணம்

விருதுநகர்வாசிகள் மதுரைக்குப் போவதில் புதுமை ஒன்றுமில்லை. ரயில் மார்க்கமாகச் சுமார் 27 மைல். இக்காலத்துக் கணக்கில் 43 கிலோமீட்டர். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876-ல் ரயில் ஓடத் தொடங்கிய நாள் முதல், அதாவது விருதுபட்டி 1923-ல் விருதுநகராவதற்கு அரை நூற்றாண்டு முன்பிருந்தே, எங்கள் ஊர் ஜனங்கள் போய்க் கொண்டும் வந்து கொண்டுமிருக்கிறார்கள். ஆனால் அவர்களில் யாரையாவது நிறுத்தி, "எங்கே, மதுரைக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஆமாம், ஒரு காரியமாக" என்றுதான் பதில் வரும். கல்யாண ஜவுளி எடுக்க வேண்டும். ஹைகோர்ட்டின் மதுரைக் கிளையில் வாய்தா. மிஷினுக்கு ஒரு உதிரிப் பாகம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆஸ்பத்திரி. காரியம் இல்லாமல் மதுரைக்குப் போய் வந்தேன் என்று சொல்லும் விருதுநகர்க்காரரை நாம் அதிகமாகச் சந்தித்ததில்லை.

இதற்கு ஊரின் சுபாவமும் ஒரு காரணம். எங்கள் ஊர் வியாபார ஊர். மிளகாய் வற்றல் எங்கோ விளைகிறது, மல்லி எங்கோ விளைகிறது, பருப்பு எந்தெந்த மாகாணத்திலிருந்தோ வந்து இறங்குகிறது. விலை மட்டும் இங்கே விளைகிறது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு மனிதன் கைப்பணத்தைச் செலவழித்துக் கொண்டு போய், ஒன்றும் வாங்காமல், ஒன்றும் விற்காமல், ஒருவரையும் பார்க்காமல் திரும்பி வந்தால், அவனுக்கு உடம்பு சரியில்லையோ என்றுதான் அயலார் விசாரிப்பார்கள்.

நாம் உபாத்தியாயத் தொழிலில் இருப்பவர். ஒவ்வொரு காலாண்டு விடுமுறைக்குப் பிறகும் பிள்ளைகளுக்கு ஒரு வியாசம் கொடுப்பது பள்ளிக்கூடங்களில் வழக்கம். "நான் கண்ட நகரம்" என்பது அவற்றில் பழைய தலைப்பு. அந்த நோட்டுப் புத்தகங்களைத் திருத்துகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரிய வரும். மதுரையைப் பற்றி எழுதும் பிள்ளைகளில் பலர் மீனாக்ஷி கோயிலைப் பாடப் புத்தகத்திலிருந்து எழுதுகிறார்கள். ஆஸ்பத்திரியைத்தான் கண்ணால் கண்டு எழுதுகிறார்கள். ஒரு பையன் சிவகாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிறவன். பெற்றோர் இருவரும் பட்டாசு ஆபீஸில் வேலை. அவன் மதுரைப் பெரியாஸ்பத்திரியின் வராந்தாவை ஒன்றரைப் பக்கம் வருணித்திருந்தான். தீக்காயம் பட்ட மாமனைப் பார்க்கப் போனானாம். வராந்தாவில் எத்தனை மின்விசிறிகள் என்பதுகூட அதில் இருந்தது. இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. முழு மதிப்பெண் போட்டோம். போட்டுவிட்டு, நம்முடைய குழந்தைகள் இரண்டுக்கும் அந்த மதுரையைக் காட்டுவது என்று அன்றே தீர்மானித்தோம்: காரியம் எதுவும் வைத்துக் கொள்ளாமல், இரண்டு இரவு தங்கி, சாவகாசமாக.

மூத்தவளுக்கு அப்போது ஒன்பது வயது, சின்னவனுக்கு ஆறு. வீட்டு அம்மாள் உடனே சம்மதித்தாள். ஆட்சேபம் வந்தது எங்கள் தாயாரிடமிருந்து.

"என்ன காரியமாய்ப்பா?"

"ஒரு காரியமும் இல்லையம்மா. சும்மா பார்க்க."

"சும்மா பார்க்க எதுக்கு ராத் தங்கணும்? காலையிலே போய்ச் சாயங்காலம் வந்துடலாமே."

"நீங்களும் வருகிறீர்கள்."

"எனக்கு எதுக்கு? கண்ணுதான் நல்லாத் தெரியுதே!"

இந்தக் கடைசி வாக்கியத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். எங்கள் தாயார் அதற்கு முன்பு மதுரைக்குப் போனது மூன்று முறை. ஒரு முறை எங்கள் தகப்பனாரைப் பெரியாஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு. இரண்டாம் முறை ஒரு பாகப் பிரிவினை வழக்கில் சாக்ஷி சொல்வதற்கு. மூன்றாம் முறை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் புரை எடுப்பதற்கு. டாக்டர் வேங்கடசாமி என்ற பெரியவர் 1976-ல் பதினொரு படுக்கைகளுடன் ஆரம்பித்த அந்த ஆஸ்பத்திரியில் கண் திறந்து கொண்டு வெளியே வராதவர்கள் எங்கள் ஜில்லாவில் எந்தக் குடும்பத்திலும் குறைவு. ஆக, மதுரை என்றால் உடம்பில் ஏதாவது ஓர் அவயவம் என்றே தாயாருக்கு அர்த்தம். மூன்று முறையும் கோபுரத்தைத் தூரத்திலிருந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக் கொண்டதோடு சரி. உள்ளே போனதில்லை. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் அல்லவா?

அவர் சாத்தூர்ப் பக்கத்தில் பிறந்தவர். ஏழு வயதிலேயே தீப்பெட்டி ஒட்ட உட்கார்ந்தவர். அடிப்பெட்டி, மேல்பெட்டி, லேபிள் என்று மைதா பசையைத் தொட்டுத் தொட்டு ஒட்டி, குரோஸ் கணக்கில் எண்ணிக் கொடுத்துக் காசு வாங்க வேண்டும். பத்து வயதில் தீப்பெட்டி ஆபீஸுக்கே போய்க் கட்டை அடுக்கினார். பள்ளிக்கூடம் போனது இரண்டே வருஷம். சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்குப் போய்த் தீக்குச்சித் தொழிலைக் கற்று வந்ததால்தான் இந்த வானம் பார்த்த கரிசல் பூமியில் ஜனங்கள் கஞ்சி குடித்தார்கள் என்பது மெய். அந்தக் கஞ்சியின் ஒரு பகுதியைக் குழந்தைகளின் விரல்கள் சம்பாதித்தன என்பதும் மெய். 1996-ம் வருஷம் டிசம்பர் மாதம் சுப்ரீம் கோர்ட்டு, எம். ஸி. மேத்தா என்ற வக்கீல் தொடுத்த வழக்கில், அபாயகரமான தொழிலில் குழந்தையை வைத்துக் கொள்ளும் முதலாளி குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அப்போது எங்கள் தாயாரின் பிள்ளைகளே மேல் வகுப்புகளில் படித்துக் கொண்டிருந்தார்கள். தீர்ப்பு நல்லதுதான். அவருடைய ஏழு வயதுக்கு அது எட்டவில்லை.

ஓய்வு என்பதும் சட்டம் போட்டுத்தான் மனிதனுக்குக் கிடைத்திருக்கிறது. பிரான்ஸ் தேசத்தில் 1936-ல் தொழிலாளர்களுக்கெல்லாம் வருஷத்தில் இரண்டு வாரம் சம்பளத்துடன் விடுமுறை என்று சட்டம் செய்தார்கள். அந்தக் கோடையில் அங்கே பல ஆயிரம் குடும்பங்கள் முதல் முதலாகக் கடலைக் கண்டன. நம் தேசத்தில் 1948-ம் வருஷத்து ஃபாக்டரிச் சட்டம், வருஷத்தில் 240 நாள் வேலை செய்தவனுக்கு இருபது நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்துடன் லீவு என்று விதித்தது. ஆனால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுகிறவளுக்கு ஃபாக்டரியும் கிடையாது, லீவும் கிடையாது. பட்டாசுத் தொழிலாளர்கள் பாடு இன்றைக்கும் கொஞ்சம் விசித்திரமானது: ஊரெல்லாம் கொண்டாடும் தீபாவளி முடிந்த பிறகுதான் அவர்களுக்கு ஓய்வு.

இதையெல்லாம் தாயாரிடம் பிரசங்கம் செய்யவில்லை. சின்னவன்தான் காரியத்தை முடித்தான். "ஆச்சி வரலேன்னா நானும் வரலே" என்று தரையில் உட்கார்ந்து கொண்டான். தாயார் அன்றிரவே புளியோதரைக்குப் புளி ஊற வைத்தார்.

காலைப் பாசஞ்சரில் ஜன்னல் ஓரத்தைப் பங்கு போடுவதில் கள்ளிக்குடி வரையில் யுத்தம். கள்ளிக்குடியிலிருந்து திருமங்கலம் வரையில் சமாதானம். பருத்திச் செடியும் சீமைக் கருவேலும் மாறி மாறி ஓடின. திருப்பரங்குன்றத்து மலை, ஒரு பெரிய யானை படுத்திருப்பதைப் போல் ஜன்னலுக்குள் வந்தபோது, மூத்தவள் அதை வரைவதற்கு நோட்டை எடுத்தாள். வரைந்து முடிப்பதற்குள் மதுரை வந்துவிட்டது. சின்னக் குழந்தைகளுக்கு இருபத்தேழு மைல்தான் சரியான தூரம் என்பது நம் அபிப்பிராயம். அதற்கு மேல் போனால் ஊர் வருவதற்குள் குதூகலம் தீர்ந்துவிடுகிறது. ஊட்டிக்கும் கோடைக்கானலுக்கும் பஸ்ஸில் குழந்தைகளை ஏற்றிக் கொண்டு போய், வளைவுக்கு வளைவு அவர்கள் வாந்தி எடுப்பதைக் கண்டு களித்த நண்பர்கள் நமக்கு உண்டு.

ஸ்டேஷனுக்கு எதிரே டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சிறிய விடுதியில் இறங்கினோம். அறை சிறியது; ஜன்னல் பெரியது. ஜன்னல் வழியே மேலைக் கோபுரத்தின் உச்சி தெரிந்தது. குழந்தைகளுக்கு அது போதுமானதாக இருந்தது. தாயார் கட்டிலில் உட்காராமல் சற்று நேரம் நின்று கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரி அல்லாத ஒரு கட்டிலில், பகல் வேளையில், மதுரையில், அவர் அதற்கு முன்பு உட்கார்ந்ததில்லை.

மதுரையின் வீதிகளைப் போலக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்ல வாய்ப்பான வீதிகள் வேறு ஊரில் உண்டா என்பது சந்தேகம். கோயிலைச் சுற்றி ஆடி வீதி, அதற்கு வெளியே சித்திரை வீதி, அப்புறம் ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. வெங்காயத்தை உரிப்பது மாதிரி வெளியிலிருந்து ஒவ்வொன்றாக உரித்துக் கொண்டே உள்ளே போனால் நடுவே அம்மன். இதை மூத்தவள் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்து, மற்ற மாதங்கள் எங்கே போயின என்று கேட்டாள். பன்னிரண்டு மாதங்களுக்கும் வீதி வைத்தால் விருதுநகர் வரையில் வந்துவிடும் என்று சொன்னோம். அவள் அதை வெகு நேரம் யோசித்துக் கொண்டிருந்தாள்.

மறு நாள் அதிகாலையில் கோயில். கைபேசிகளை வாசலிலேயே வாங்கி வைத்துக் கொள்கிறார்கள். 2018 பிப்ரவரியில் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததற்குப் பின் வந்த ஏற்பாடு. இதனால் யாருக்கு என்ன பாதுகாப்போ, நமக்குத் தெரிந்த நன்மை ஒன்று உண்டு: போட்டோ எடுப்பதற்காக யாரும் குழந்தையை நிறுத்தி வைத்துச் சிரிக்கச் சொல்வதில்லை. குழந்தைகள் அவரவர் முகத்துடனேயே உலாவுகிறார்கள்.

கோபுரம் பதினான்கு என்றும், தெற்குக் கோபுரம் எல்லாவற்றிலும் உயரம் என்றும், ஆயிரங்கால் மண்டபத்தில் உண்மையாக இருப்பது 985 கால்களே என்றும் படித்ததையெல்லாம் சொன்னோம். "மீதி பதினைந்தை யார் எடுத்தது?" என்றான் சின்னவன். அவனுடைய கவனத்தையெல்லாம் கவர்ந்தது பார்வதி என்ற கோயில் யானைதான். அதற்குக் கண்ணில் புரை என்றும், தாய்லாந்து தேசத்திலிருந்து மிருக வைத்தியர்கள் வந்து பார்த்தார்கள் என்றும் 2022-ல் பத்திரிகைகளில் வந்தது தாயாருக்கு ஞாபகம் இருந்தது. யானையின் எதிரே நின்று, தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக் கொண்டு, சொந்தக்காரியிடம் விசாரிக்கும் தோரணையில், "சொட்டு மருந்தை விடாமே போடணும். நான் நாப்பது நாள் போட்டேன்" என்றார். பாகன் சிரிக்கவில்லை. "போடுறோம்மா" என்று மரியாதையாகப் பதில் சொன்னான்.

பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்தபோதுதான் குழந்தைகளுக்கு அந்தக் கதையைச் சொன்னோம். சொல்லத்தான் வேண்டுமா என்று வீட்டு அம்மாள் கண்ணால் கேட்டாள். ஒன்பது வயதுக்குச் சொல்லலாம் என்பது நம் கட்சி. இந்தக் கோயிலுக்குள் எங்கள் பாட்டனார் காலடி வைக்கக் கூடாது என்று இருந்தது. தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கும் நாடார்களுக்கும் கோபுர வாசலோடு தரிசனம் முடிந்தது. கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காகத் தொடரப்பட்ட வழக்கு லண்டன் பிரிவி கௌன்ஸில் வரையில் போய் 1908-ல் நாடார்களுக்கு விரோதமாகவே முடிந்தது. சிவகாசியில் 1899-ல் கோயில் விவகாரம் பற்றி எரிந்து ஊரே கலகக்காடாயிற்று. பிறகு 1939-ம் வருஷம் ஜூலை மாதம் 8-ம் தேதி காலையில், மதுரை வைத்தியநாதய்யர், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஐந்து பேரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக் கொண்டு இந்தக் கோயிலுக்குள் பிரவேசித்தார். ஐவரில் ஒருவர் கக்கன். பிற்காலத்தில் மந்திரியாகி, மந்திரி உத்தியோகம் போன பிறகும் ஏழையாகவே இருந்தவர். அந்த ஒரு நாடார், விருதுநகர் நகரசபை அங்கத்தினர் எஸ். எஸ். சண்முக நாடார்.

"நம்ம ஊரா?" என்றாள் மூத்தவள், வீதிகளைக் கேட்டபோது இருந்ததைவிட அதிக ஆச்சரியத்துடன்.

"நம் ஊர்."

"அவர் பயப்படலையா?"

இந்தக் கேள்விக்குச் சரித்திரப் புஸ்தகத்தில் விடை இல்லை. தாயார்தான், "பயந்திருப்பாரு. பயந்துக்கிட்டேதான் உள்ளே வந்திருப்பாரு" என்றார். பிறகு எழுந்து, நாங்கள் முன்னமே அம்மன் சந்நிதியைப் பார்த்துவிட்டோம் என்பதை லட்சியம் பண்ணாமல், மறுபடியும் வரிசையில் போய் நின்றார். நாற்பது நிமிஷம் ஆயிற்று. அதுவரையில் நாங்கள் குளத்தைப் பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருந்தோம், ஒருவரும் அவசரப்படவில்லை.

சிறு குழந்தைகளை அழைத்துக் கொண்டு பட்டணம் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று: அதற்கு மேல் காட்டாதீர்கள். இரண்டு மணிக்குக் குழந்தை தூங்க வேண்டும். தூங்காத குழந்தைக்கு நாலு மணிக்குத் தாஜ்மகாலைக் காட்டினாலும் காலால் உதைத்துக் கொண்டு அழும். மத்தியான்னம் இட்லி கிடைத்தால் இட்லியே போதும். ஊரின் பிரசித்தமான பதார்த்தங்களை ஒவ்வொன்றாகக் குழந்தையின் வயிற்றில் பரீட்சை செய்வது பெரியவர்களின் நாக்கு வேட்கையே தவிர வேறில்லை. விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா மட்டும் ஒரு விலக்கு. பால், கடற்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம் இவ்வளவும் ஒரே கண்ணாடித் தம்ளரில் இருப்பதை நம்ப மாட்டாமல், சின்னவன் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்துச் சரி பார்த்தான்.

அன்று மாலை திருமலை நாயக்கர் மஹால். 1636-ல் கட்டியதில் இன்று நிற்பது கால் பங்குதான் என்கிறார்கள். மற்றதை நாயக்கரின் பேரனே பெயர்த்துத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டு போனான். எஞ்சியதும் இடிந்து போகாமல், நேப்பியர் பிரபு சென்னைக் கவர்னராக இருந்த காலத்தில் பழுது பார்த்து வைத்தார்கள். குழந்தைகள் இருவரும் கை கோத்து ஒரு தூணைக் கட்டிப் பார்த்தார்கள். பாதி கூட வரவில்லை. பிறகு தூண்களை மறந்து, மஹாலில் குடியிருக்கும் புறாக்களைத் துரத்தத் தொடங்கினார்கள். "கொஞ்சம் சரித்திரம் சொல்லக் கூடாதா?" என்று வீட்டு அம்மாள் கேட்டாள். புறா பறக்கும்போது இறக்கைச் சப்தம் அந்த மண்டபத்துக் கூரையில் மோதித் திரும்பி வருவதைக் கேட்டு இருவரும் அப்படியே நின்றதைப் பார்த்த பிறகு, கட்டடத்தின் உயரத்தைப் பற்றி நாம் சொல்வதற்கு மிச்சம் ஒன்றுமிருக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, மேல மாசி வீதியில் கதர்க் கடை இருக்கும் ஒரு பழைய வீட்டுக்குப் போனோம். 1921 செப்டம்பர் மாதம் மகாத்மா காந்தி மதுரைக்கு வந்தபோது அதன் மாடியில் தங்கினார். 22-ம் தேதி காலையில் அங்கிருந்து வெளியே வந்தபோது அவர் மேலே சட்டையில்லை, தலைப்பாகையில்லை. முழங்காலுக்கு மேல் ஒரு துண்டு மட்டும். தமிழ் நாட்டு ஏழைகளைப் பார்த்துக் கொண்டே வந்தவருக்கு, அவர்களைவிட அதிகத் துணி உடுத்தியிருக்க மனம் பொறுக்கவில்லை. பத்து வருஷங்களுக்குப் பிறகு, 1931-ல், பக்கிங்ஹாம் அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைப் பார்க்கப் போனபோதும் அதே உடைதான். அவர் அந்தக் கோலத்தில் முதல் முதல் ஜனங்களுக்குத் தரிசனம் கொடுத்த இடத்தைக் காந்திப் பொட்டல் என்கிறார்கள். அது இருக்கும் சாலைக்கு, எங்கள் ஊரில் 1903-ல் பிறந்தவரின் பெயர்: காமராஜர் சாலை. சின்னவன் இதைக் கேட்டு மிகவும் நிமிர்ந்து நடந்தான்.

அங்கிருந்து காந்தி மியூஸியம். ராணி மங்கம்மாள் வாழ்ந்த தமுக்கம் அரண்மனையில் 1959 ஏப்ரல் 15-ம் தேதி ஜவஹர்லால் நேரு திறந்து வைத்தது. படங்களையும் கடிதங்களையும் குழந்தைகள் வேகமாகவே கடந்து போனார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயதில் அவ்வளவு எழுத்து அதிகம். ஆனால் கடைசியில், கண்ணாடிக்குள், காந்தி சுடப்பட்ட அன்று அவர் மேல் இருந்த துணி வைக்கப்பட்டிருக்கிறது. ரத்தக் கறை பழுப்பாகி விட்டது. சின்னவன் கண்ணாடியில் மூக்கை வைத்து வெகு நேரம் பார்த்தான்.

"ஆச்சி, இதை ஏன் துவைக்கலே?"

நாம் பதில் சொல்ல வாயெடுத்தோம். இத்தனை வருஷ உபாத்தியாயத் தொழிலின் பலனாக எந்தக் கேள்விக்கும் பதில் வாயில் தயாராக இருக்கும். தாயார் முந்திக் கொண்டார்.

"துவைச்சா மறந்துடுவோம்ல ராசா."

அவன் ஒப்புக் கொண்டானா என்பது தெரியாது. "வலிச்சிருக்குமா?" என்றான். "வலிச்சிருக்கும்" என்றார். அவன் அவர் கையைப் பிடித்துக் கொண்டான். அந்தக் கையின் ஆள்காட்டி விரல் நுனியில் ரேகை அவ்வளவாகக் கிடையாது. பெட்டி ஒட்டித் தேய்ந்தது. ரேஷன் கடையில் விரலை வைக்கும் யந்திரம் இரண்டு மூன்று தடவை மறுத்த பிறகுதான் அவரை அடையாளம் கண்டு கொள்ளும்.

சிறு குழந்தைகளை அப்படிப்பட்ட இடத்துக்கு அழைத்துப் போகலாமா என்று பிற்பாடு ஒரு சிநேகிதர் கேட்டார். ஆறு வயதுக் குழந்தையின் கையில் பெற்றோர் கொடுத்திருக்கும் கைபேசியில் நாள் ஒன்றுக்கு எத்தனை பேர் சுடப்பட்டுச் சாகிறார்கள் என்று அவர் எண்ணிப் பார்க்கட்டும். அந்த ரத்தத்துக்கு அர்த்தம் கிடையாது. யாரும் கையைப் பிடித்துக் கொண்டு பக்கத்தில் நிற்பதும் கிடையாது.

மத்தியான்னம், நேயர்கள் நம்மைப் பழங்காலத்து மனிதர் என்று நினைத்து விடாதபடி, புதிய மாதிரிக் கடைக் கட்டடம் ஒன்றுக்கும் போனோம். அங்கே நகரும் படிக்கட்டு உண்டு. குழந்தைகள் ஏழு தடவை ஏறி ஏழு தடவை இறங்கினார்கள். செலவு ஒன்றும் இல்லை. மூன்றாவது தடவை தாயாரும் செருப்பைக் கையில் எடுத்துக் கொண்டு ஏறினார். மின்சாரத்தின் மேல் செருப்புக் காலை வைப்பது சரியில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். காவல்காரர் சிரித்துக் கொண்டே கை கொடுத்து இறக்கிவிட்டார். வாங்கியது ஒரு ரப்பர் பந்து.

புது நத்தம் ரோட்டில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். 2023-ம் வருஷம் ஜூலை 15-ம் தேதி, காமராஜர் பிறந்த நாளன்று, திறந்தார்கள். குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. மூத்தவள் ஒரு புத்தகத்தை எடுத்துக் கொண்டு போய் உட்கார்ந்தவள், ஒன்றே முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் தாயார் உட்கார்ந்து, பெரிய எழுத்தில் அச்சிட்ட ஒரு படப் புத்தகத்தை விரித்து வைத்துக் கொண்டார். இரண்டு வருஷம் பள்ளிக்கூடம் போனவர் ஆதலால் எழுத்துத் தெரியும்; கூட்டிப் படிக்க நேரம் ஆகும். அன்று நேரம் இருந்தது. உதடு அசைந்து கொண்டே இருந்தது. எந்தக் கதை என்று போய்ப் பார்க்க எங்களுக்கு ஆசைதான், போகவில்லை.

மாலை ரயிலுக்கு முன்பாக வண்டியூர்த் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் 1645-ல் வெட்டியது. அங்கே மண் எடுக்கும்போது அகப்பட்ட பெரிய பிள்ளையார்தான் கோயிலில் இருக்கும் முக்குறுணிப் பிள்ளையார் என்று சொல்வதுண்டு. நெடுங்காலம் வறண்டு, மதுரைப் பையன்கள் கிரிக்கெட் ஆடும் மைதானமாக இருந்த குளம். வைகைத் தண்ணீரை வாய்க்காலில் திருப்பி நிரப்பிய பிறகு நாங்கள் பார்த்தது, நடுவே மண்டபமும் சுற்றிலும் அலையுமாக, ஊரின் பாதி ஜனங்கள் காற்று வாங்க வந்து கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்த குளம். கடலை விற்கிறவன், பலூன் விற்கிறவன், மல்லிகை விற்கிறவள். அவர்களைத் தவிர அங்கே ஒருவருக்கும் ஒரு காரியமும் இருந்ததாகத் தெரியவில்லை. படகு விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் போனோம், அன்றைக்கு விடவில்லை. சின்னவன் முகம் சுருங்கிவிட்டது. புதுப் பந்தைக் கொடுத்துச் சமாளித்தோம்.

தாயார் சுவரில் உட்கார்ந்து மைய மண்டபத்தையே பார்த்துக் கொண்டிருந்தார். ரயிலுக்கு நேரமாகிறது என்று சொன்னபோது எழுந்தார். ஆட்டோவில் ஏறி, வெகு தூரம் வந்த பிறகு, "தைப்பூசத்துக்கு அம்மன் அங்கேதானே தெப்பத்திலே வருவா?" என்று கேட்டார்.

"ஆமாம் அம்மா."

"அன்னிக்குக் கூட்டமா இருக்கும். முந்தின நாளே வந்து ரூம் போட்டுடணும்."

எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்த மூத்தவள் நோட்டை எடுத்து அதை எழுதி வைத்தாள்.